முனிரத்தினத்தின் சிரிப்பு ஊரில் இருந்த ஆண்டு

முனிரத்தினம் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அவருடைய சிரிப்பு எத்திராஜுக்கு வந்தது.

எத்திராஜ் பண்ணையிலிருந்து முட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். கோழி ஊசிமருந்துக் கூடத்தின் பின்வாசலில் அவன் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பண்ணையிலிருந்து வண்டிக்கடியில் எப்படியோ ஒண்டி வந்திருந்த ஒரு சேவல் கீழே குதித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தேடி வந்த தகப்பனைப் போல வாசற்படியில் ஏறி நின்று கூவியது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். முதலில் விக்கலைப் போல மூன்று வெட்டு, அப்புறம் பல்லிடுக்கில் காற்று நுழைவது போல நீளமான ஒரு சீழ்க்கை, கடைசியில், யாரோ சொன்னதை ஒத்துக்கொள்வது போலத் தாழ்ந்த குரலில் ஓர் 'ஆங்'. எத்திராஜின் பற்களில் இடுக்கே கிடையாது. உள்ளே இருட்டறையில், குஞ்சு உயிரோடிருக்கிறதா என்று விளக்குக்கு முன்னால் முட்டைகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் கையை நிறுத்தினார்கள். இருபத்தெட்டு வருஷம் அந்தக் கூடத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பிய சிரிப்பு அது என்று நான்கு பேருக்கும் தெரிந்தது. நால்வரில் ஒருத்தி ஜெகதாம்பாள், முனிரத்தினத்தின் மனைவி. பதினேழாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள் என்று ஊர் அவளைப் பேசிக்கொண்டிருந்தது. முட்டைக்குள் பத்து நாளான குஞ்சுக்குக் காரியம் கருமாதி எல்லாம் தெரியாது, அன்றைக்குப் பார்க்காவிட்டால் அந்தத் தொகுதி முழுக்க வீண் என்று அவள் வந்திருந்தாள்.

பக்கத்து விளக்கிலிருந்த அம்சவேணிதான் எழுந்து போய்க் கேட்டாள்.

"இன்னா எத்திராஜு, எங்க கத்துக்கின இத?"

"கத்துக்கலக்கா. தானா வந்துச்சி. தொண்டைக்குள்ள யாரோ பூந்து சிரிச்சிட்டுப் போன மாரி கீது."

"சளி கிளி கீதா?"

"ரெண்டு நாளா மூக்கு லேசா அரிச்சிக்கினு இருந்திச்சி. அவ்ளோதான்."

அம்சவேணி தலையாட்டிவிட்டு, அவனைத் தள்ளி நின்று தட்டுகளை இறக்கச் சொன்னாள்.

பாலாற்றின் தென்கரையிலிருந்த அந்த ஊரில் இதற்கு யாரும் பயப்படாததற்குக் காரணம் உண்டு. ஊரில் பாதிப் பேர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துச் சோறு தின்றவர்கள். கோழிகளை மூன்றே நாளில் தலை திருகிச் சாகடிக்கும் வெள்ளைக்கழிச்சலின் கிருமியை முட்டைக்குள் ஏற்றி, மெழுகால் ஓட்டையை அடைத்து, அடைகாக்கும் அறையில் வைத்து, பெருகவிட்டு எடுத்து, உறையவைத்து, உலர்த்தி, சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூளாக அடைத்து அனுப்பினார்கள். அந்தத் தூள் தின்னாது, மூச்சுவிடாது, வளராது. பத்து வருஷம் குளிர்ப்பெட்டியில் கிடந்தாலும் உப்பைப் போலக் கிடக்கும். ஓர் உயிருக்குள் போய்விட்டால் மறுநாளே லட்சமாகிவிடும். அது உயிரா, தூசியா என்று அந்த ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சண்டை நடக்கும். அப்படிப்பட்ட ஊரில், செத்தவருடைய சிரிப்பு ஒன்று உயிரோடிருப்பவனின் தொண்டையில் ஏறியதென்றால், அது எத்தனை நாளில் அடுத்த ஆளுக்கு வரும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மூன்று நாளில் வந்தது. எத்திராஜின் மனைவிக்கு வந்தது, அவள் மாவரைக்கப் போன இடத்தில் மில்காரருக்கு வந்தது, மில்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த நிசார் பாய்க்கு வந்தது, நிசார் பாயிடம் டீ குடித்த ஆற்காட்டு பஸ் கண்டக்டருக்கு வந்தது, கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வாலாஜா வரைக்கும் அதைப் பரப்பிவிட்டுத் திரும்பினார். கோயிலில் தீபாராதனை நேரத்தில் குருக்களுக்கு வந்து, மணியும் சிரிப்பும் சேர்ந்தே முடிந்தன. பள்ளிவாசலில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தொழலாம் என்று சொன்னார்கள். சாவு வீடுகளில் சிரிப்பு வந்தவர்களுக்கென்று எதிர்ச்சாரியில் தனியே ஒரு பெஞ்சு போடப்பட்டது, செத்தவருக்கு வேண்டியவர்களும் சில நேரம் எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் சந்தையில் ஒரே நேரத்தில் மூன்று வெட்டு வெட்டி, சீழ்க்கையடித்து, ஒருவரையொருவர் பார்த்து 'ஆங்' என்று முடித்தார்கள். முடித்த பிறகும் பேசவில்லைதான், ஆனால் ஒரே கடையில் வெங்காயம் வாங்கினார்கள்.

வந்தவருக்கு எட்டு நாள் இருக்கும். பிறகு போய்விடும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது.

"இது பேய் வேலையா சார்?" என்று டாக்டர் தேவநேசனிடம் கேட்டார்கள். அவர் கூடத்தின் கால்நடை மருத்துவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"பேய்க்குத் தனியா இருக்கத் தெரியும்லா? புளியமரத்துல நூறு வருசம்னாலும் இருக்கும். இதுக்கு அது தெரியாது. இதுக்குக் கையில்ல, காலில்ல, வயிறில்ல. ஒரு சின்னச் சேதி, அதுக்கு மேல ஒரு உறை. அவ்வளவுதான். போற வீட்டு அடுப்புல, போற வீட்டு அரிசியில, தன்னையே சமைச்சுக்கிடும்."

"இன்னா சேதி சார்?"

அவருக்கே அந்த வாரம் சிரிப்பு வந்திருந்தது. அவர் ஜெகதாம்பாள் இருந்த பக்கம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சேதியை அவளிடம் சொன்னவள் அம்சவேணி. மதியச் சாப்பாட்டு வேளையில், கூடத்துக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"யக்கா, அந்தச் சிரிப்பு வரும்போது ஒண்ணு தெரியுது. எல்லாருக்கும் தெரியுதாம். ஒங்கிட்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல."

"இன்னாது?"

"ஒரு கை. கும்மிருட்டுல ஒரே ஒரு கை. முட்டையப் புடிச்சிக்கினு விளக்குகிட்ட நிக்குது. விரலுக்குள்ள வெளிச்சம் பாஞ்சி, செக்கச்செவேல்னு, எலும்புகூடத் தெரியற மாரி. முகம் தெரியல. ஆனா பாத்தவொடனே நெஞ்சு நெறஞ்சி போவுதுக்கா, பாயசம் குடிச்ச மாரி. அதுக்கப்புறந்தான் சிரிப்பே வருது. சுண்டுவிரல்ல தழும்பு கீது." அவள் ஜெகதாம்பாளின் வலது கையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் பழைய தழும்பு இருந்தது.

ஜெகதாம்பாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முனிரத்தினம் கூடத்தில் அடைகாக்கும் அறைக்காரர். தட்டுகளைத் திருப்புவதும் சூடு பார்ப்பதும் அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தட்டோடு இருட்டறைக்கு வந்தவர் உள்ளே பார்த்துவிட்டு அசடு போலச் சிரித்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எதற்குச் சிரித்தார் என்று அன்றும் கேட்கவில்லை, அப்புறம் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்திலும் கேட்கவில்லை. அந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் சிரிப்பார் என்று வைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வந்தால் சிரிப்பார், வராவிட்டாலும் சிரிப்பார். "கொஞ்சம் மெதுவா சிரிங்க, தெருவே பாக்குது" என்பதைத்தான் அவரிடம் அவள் அதிகம் சொல்லியிருந்தாள். அடைகாக்கும் இயந்திரத்தின் ரீங்காரத்தைப் போல அந்தச் சிரிப்பு அவள் காதுக்குப் பழகி, கேட்காமலே போய், பால் வாங்கப் போன இடத்தில் அவர் உட்கார்ந்து எழுந்திருக்காத அன்றுதான் வீடு இத்தனை பெரியது என்று தெரிந்தது.

இப்போது ஊரே அவள் கையை அவர் கண்ணால் பார்த்திருந்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

அவள் வெட்கத்தை விட்டாள். சிரிப்பு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனாள். மில்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள், நிசார் பாய் கடையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குடித்த தம்ளரைக் கழுவாமல் வாங்கி டீ குடித்தாள், கண்டக்டரோடு ஆற்காடு வரை போய்த் திரும்பினாள். மூன்று நாள் காத்தாள், ஆறு நாள் காத்தாள், மூக்குகூட அரிக்கவில்லை. அவளைக் கண்டவர்கள் எழுந்து இடம் கொடுத்து, முடிந்தவரை பலமாகச் சிரித்து அனுப்பினார்கள்.

"ஒனக்கு வராது ஜெகதா" என்றார் டாக்டர் தேவநேசன், ஒருநாள் அவளை எதிரே உட்காரவைத்து. "இருபத்தெட்டு வருசம் அதுக்குள்ளேயே இருந்தவ நீ. ஒன் ஒடம்புக்கு அத நல்லாத் தெரியும். வாசல்லயே பார்த்துத் திருப்பி அனுப்பிரும். ஊசி போட்ட கோழிக்குக் கழிச்சல் வருமா?"

"எப்பவுமே வராதா சார்?"

"எதிர்ப்புன்னா வேற ஒண்ணுமில்ல, ஞாபகம்தான். ஞாபகம் கொறஞ்சா வரலாம். வருசக்கணக்கு ஆகும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்சவேணிதான் ஒரு யோசனை சொன்னாள். அந்தக் கூடத்து ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது. ஊரில் எல்லோருக்கும் வந்து போய்விட்டால் சிரிப்பு தங்க ஆளில்லாமல் செத்துப்போகும். அக்காவுக்கு ஞாபகம் குறையும் வரைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டும். அடுத்த தொகுதிக்கென்று எடுத்துவைக்கும் விதைக் கிருமியை எப்படிக் காப்பாற்றுகிறோம்? ஒரு முட்டையில் சாவதற்குள் அடுத்த முட்டைக்கு மாற்றுகிறோம். அப்படியே செய்தால் என்ன?

டாக்டர் தேவநேசன் ஆறு மாதப் பயிற்சிக்கென்று வடக்கே போயிருந்தபோது அதை ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து, முனிரத்தினத்தை அறியாத, சிரிப்பு இன்னும் வராத சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். எத்திராஜின் சகலை போளூரிலிருந்து வந்தான், மில்காரரின் அத்தை மகள் செய்யாற்றிலிருந்து வந்தாள். வந்தவருக்கு ஆட்டுக்கறியும் முட்டையும் போட்டு, சிரிப்பு இருக்கிற ஆளுக்கு எதிரே உட்காரவைத்து, எட்டு நாள் முடிவதற்குள் அடுத்தவரை வரவழைத்தார்கள். ஒவ்வொரு கைமாறலுக்கும் குளிர் அறைக் கதவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் முதலில் தயங்கினாலும், எட்டு நாள் சோறும் எட்டு நாள் சிரிப்பும் யாருக்குக் கசக்கும்? போகும்போது, "இந்தாளு இருந்த காலத்துல வந்திருக்கணும்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜெகதாம்பாள் தன் பங்குக்கு மறக்க முயன்றாள். அவருடைய சட்டைகளை எத்திராஜுக்குக் கொடுத்தாள். அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை வாங்குவதை நிறுத்தினாள். அவர் சைக்கிளில் கூட்டிப்போன சாலையை விட்டு ஆற்றுமணல் வழியாக வேலைக்குப் போனாள். மறக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக மனதில் வரிசைப்படுத்திப் பார்த்ததில், அதுவரை மறந்திருந்ததெல்லாம் வந்து வரிசையில் நின்றது. வெந்நீர் ஊற்றும்போது அவர் சொல்லும் பொய்கள் வந்தன, பிள்ளையில்லை என்று வைத்தியர் சொன்ன அன்று வழியில் இறங்கி அவர் வாங்கிக் கொடுத்த கரும்புச்சாறு வந்தது. ஆனாலும் விடாமல் முயன்றாள். பனிக்காலம் முடியும்போது ஒரு காலை, கடிகாரத்தை அவர் எந்தக் கையில் கட்டுவார் என்று கேட்டுக்கொண்டாள். பதில் வரவில்லை. கையிலிருந்த முட்டையை விளக்குக்கு முன் பிடித்தபடியே நின்றாள். இடதா? வலதா? முட்டைக்குள் குஞ்சின் கண் கரும்புள்ளியாக அசைந்தது. அரை நிமிஷம் கழித்து, வலது கை, சாவி கொடுக்கும் திருகு மணிக்கட்டில் உறுத்துகிறது என்று தலைகீழாகக் கட்டுவார், என்று வந்தது.

அன்று சாயங்காலம் எத்திராஜ் வீட்டுக்குப் போனாள்.

"சட்டையைக் குடு எத்திராஜு."

"எதுக்குக்கா?"

"எல்லாத்தையும் குடு. ஒண்ணு கிழிஞ்சிருந்தாலும் குடு."

அவன் போட்டிருந்ததையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றான்.

மறுநாள் அம்சவேணியிடம், "வேணாம்மா" என்றாள். "எனக்கு வரலன்னா போவட்டும். அவரத் தொலைச்சிட்டு அவரு சிரிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. "கதவுல முப்பது கோடு போட்டுக் கீறோம்க்கா. என் மருமவன் கோலாருலருந்து வந்துகினு கீறான். இப்பப் போயி வேணான்றியே."

"வரட்டும். சாப்ட்டுட்டுப் போவட்டும்."

டாக்டர் தேவநேசன் திரும்பி வந்தபோது கதவில் முப்பத்தொரு கோடுகள் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அம்சவேணியின் மருமகனான கோலார்க்காரனைச் சிரிக்கச் சொல்லிக் கேட்டார். கம்பெனி விடுமுறை முடிந்தும் கறிச்சோற்றுக்காக மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்த அவன் சிரித்தான். மூன்று வெட்டுக்குப் பதில் ஒரே வெட்டு இருந்தது. சீழ்க்கை இருந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். கடைசி 'ஆங்' கேள்வி கேட்பது போல மேலே போய் நின்றது. தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கீய?" என்றார் டாக்டர். "தெனம் செய்யற வேலைய நீங்களே மறந்துட்டீயளே. கோழியக் கொல்றதை நாம மருந்தா மாத்துறதே இப்படித்தான? முட்டை முட்டையா மாத்தி மாத்தி, ஒவ்வொரு பிரதியிலும் ஒரு எழுத்து தப்பி, கடைசியில அதுக்குக் கொல்ல மறந்துபோவுது. ஒரே ஆளு நெஞ்சுல இருந்ததை முப்பத்தொரு நெஞ்சு வழியாக் கடத்தினா அது அதேவா இருக்கும்?"

டாக்டர் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினார்.

"போற வீட்டுலருந்து சின்னச் சாமான் எதையாவது எடுத்து மடியில கட்டிக்கிடவும் செய்யும். எதை விட்டுச்சோ, எதை எடுத்துச்சோ." அவர் கோலார்க்காரனிடம், "தம்பி, சிரிக்கும்போது கை தெரியுதா?" என்று கேட்டார்.

"கையா? இல்லியே சார். இன்னான்னமோ தெரியுது. யாரோ ஒரு ஆளு. எனக்குத் தெரிஞ்ச ஆளில்ல."

அம்சவேணி ஈரத்துணியை எடுத்துக் கதவைத் துடைத்தாள். துடைக்கும்போது அழுதாள். ஜெகதாம்பாள்தான் அவளை அழைத்துப் போய் முகம் கழுவச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கோடு போடவில்லை. அதை முனிரத்தினத்தின் சிரிப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. கோலார்க்காரன் சிரிப்பு என்றார்கள். அவனிடமிருந்து தப்பி இங்கொருவர் அங்கொருவர் என்று அது ஊரில் கொஞ்ச நாள் அலைந்தது. முதல்முறை வந்து போனவர்களில் சிலருக்கு, உடம்புக்கு அதை அடையாளம் தெரியாததால், புதியது போல மறுபடி வந்தது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமரங்கள் பூத்துக் காய்த்தன. முனிரத்தினத்துக்கு வருஷத் திவசம் வந்தது. ஜெகதாம்பாள் நெத்திலிக் கருவாடு மறுபடி வாங்கத் தொடங்கி, திவசத்துக்காக மட்டும் ஒரு வாரம் நிறுத்தியிருந்தாள்.

திவசம் முடிந்த நாலாம் நாள், வேப்பமரத்தடியில் சாப்பாட்டு அடுக்கைத் திறந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து மூக்கு அரித்தது, மிளகாய்த்தூள் என்று நினைத்திருந்தாள். அம்சவேணி தன் மருமகன் ஒருவழியாகக் கோலாருக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய், மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டுவரத் திரும்பி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாசல்லயே நின்னுக்கினு கேக்கறான்க்கா, பையத் தோள்லருந்து எறக்காம. கொழம்பு நல்லாருந்தா எறக்குவானாம்."

ஜெகதாம்பாள் சிரித்தாள்.

அவளுக்கே அந்தச் சத்தம் அந்நியமாக இருந்தது. ஒரு வெட்டு, ஓர் உறிஞ்சல், அப்புறம் படியேறிப் போகிற மாதிரி ஏதோ. அந்தச் சத்தத்துக்குள் அவள் பார்த்தாள். இருட்டில்லை, விளக்கில்லை, கையில்லை. முனிரத்தினம் இருந்தார். வண்டிக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்த்த முனிரத்தினம், தோளில் தட்டோடு, கட்டைவிரலில் மெழுகோடு. அது எத்திராஜ் பார்த்தது. டீக் கொதியின் ஆவிக்கு அந்தப் பக்கம் பன்னை முக்கிக்கொண்டிருந்த முனிரத்தினம், அது நிசார் பாய் பார்த்தது. பஸ் படியில் தொங்கியவர், மில்லில் முழங்கை வரை மாவாக நின்றவர், அடைகாக்கும் அறையின் வாசலில் முப்பது வயதில், நாற்பதில், காதோரம் நரைத்து, யார் யாரோ போகிற போக்கில் பார்த்து, பார்த்தது தெரியாமலே வைத்திருந்தவர். கூடத்துக்குள் பார்த்தவர்களின் கண்ணில் எல்லாம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. யாராவது எதையாவது சொல்வார்கள். அவர் முகம் விரியும். ஆனால் உடனே சிரிக்க மாட்டார். இருட்டறைப் பக்கம் தலையைத் திருப்பி, கதவு சாத்தியிருக்கிறதா, சத்தம் அதைத் தாண்டி உள்ளே போய்ச் சேருமா என்று பார்ப்பதைப் போல ஒரு கணம் பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் முதல் வெட்டை வெட்டுவார்.

கதவுக்கு உள்ளே இருந்தவள் அதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"யாரு சிரிப்புக்கா இது?" அம்சவேணி சாப்பாட்டுக் கையோடு அவளை உற்றுப் பார்த்தாள். "ஊர்ல இந்தமாரி யாருக்கும் இல்லியே. யக்கா? இன்னா ஆச்சி? அழுவறியா, சிரிக்கிறியா?"

ஜெகதாம்பாள் அவளைப் பேசாதிருக்கும்படி கையமர்த்தினாள். அடுத்தது தொண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.